மந்திரி எங்கே போனார்?

தெருநாய்களின் இனப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2001இல் சில விதிகளை வெளியிட்டது. பெரும்பகுதி சலிப்பூட்டும் ஆவணம்தான். குழுவில் யாரெல்லாம் இருக்க வேண்டும், பிடித்த நாயை எங்கே வைக்க வேண்டும், அறுவை முடிந்தபின் எந்த இடத்தில் கொண்டுபோய் விட வேண்டும் என்று போகிறது. நடுவே, குணமாக்க முடியாத நோயோ பிழைக்க வழியில்லாத காயமோ உள்ள நாய்களைக் கருணைக்கொலை செய்வது பற்றி ஒரு பத்தி. தகுதி பெற்ற கால்நடை மருத்துவர்தான் செய்ய வேண்டும். உயிர் போய்விட்டது என்று உறுதிசெய்த பிறகுதான் உடலை அப்புறப்படுத்த வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு சின்ன வாக்கியம் இருக்கிறது: ஒரு நாயின் முன்னிலையில் இன்னொரு நாயைக் கருணைக்கொலை செய்யக் கூடாது.

அரசாங்க மொழியில் இப்படியொரு வரியை நான் எதிர்பார்க்கவில்லை. யாரோ ஒருவர் அந்த அறையை மனதில் கொண்டுவந்து பார்த்திருக்கிறார். கூண்டில் காத்திருக்கும் அடுத்த நாய்க்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று யோசித்திருக்கிறார். தெரிந்துவிடும் என்ற பக்கம் சாய்ந்து, அதைப் பார்க்க விடாதே என்று எழுதிவிட்டார். நல்ல விதி. ஆனால் அதே அறையில் எல்லா நாய்களையும் பார்க்கிற ஒருவர் இருக்கிறார். முதல் நாயையும் பார்க்கிறார், கடைசி நாயையும் பார்க்கிறார். உயிர் போய்விட்டதா என்று நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கிறவரும் அவர்தான். அவருடைய கண்ணைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. விதியில் இருந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வேறு எங்குமே இல்லை என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

என் பெரியம்மா மகள் கால்நடை மருத்துவர். வேப்பேரி கல்லூரியில் படித்தவள். சென்னைப் புறநகரில் பதினான்கு வருடமாகச் சொந்தமாக ஒரு கிளினிக் நடத்துகிறாள். எங்கள் குடும்பத்தில் அவளை 'மாட்டு டாக்டர்' என்றுதான் இன்றைக்கும் கிண்டல் செய்வார்கள். அவள் மாட்டைத் தொட்டு வருடக்கணக்காகிறது. வருவதெல்லாம் லேப்ரடார், பக், நாட்டு நாய், பூனை, எப்போதாவது ஒரு முயல். தடுப்பூசி, உண்ணி, காது சீழ், வயிற்றுப்போக்கு. வாரத்துக்கு ஒன்று, சில வாரங்களில் மூன்று, இந்த வேலையும் வரும்.

அதற்கு அவள் ஒரு பெயரும் வைத்துக்கொள்ளவில்லை. 'இன்னைக்கு ஒண்ணு இருந்துச்சு' என்பாள். அவ்வளவுதான். எங்களுக்குப் புரிந்துவிடும்.

பெயர் ஒரு சிக்கல்தான். கிரேக்கத்திலிருந்து வந்த ஆங்கிலச் சொல்லுக்கு 'நல்ல சாவு' என்பதுதான் நேர்ப்பொருள். தமிழில் நல்ல சாவு என்று நாம் சொல்வது வேறொன்றை. பேரன் பேத்தி எடுத்த கிழவி ராத்திரி படுத்து காலையில் எழுந்திருக்கவில்லை என்றால் 'நல்ல சாவு' என்கிறோம். யாருடைய கையும் படாமல் போனது என்பதுதான் அதில் நல்லது. கை பட்ட சாவுக்கு நாம் வைத்திருக்கும் சொல் கருணைக்கொலை. எனக்கு இந்தச் சொல்மேல் மரியாதை உண்டு. அது எதையும் ஒளிக்கவில்லை. கருணையும் இருக்கிறது, கொலையும் இருக்கிறது, நடுவில் ஒற்றெழுத்து ஒன்று இரண்டையும் ஒட்டிவைத்திருக்கிறது. ஆனால் கிளினிக்கில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. 'தூங்க வெச்சிடலாமா டாக்டர்' என்பார்கள். 'ஊசி போட்டுடலாமா' என்பார்கள். போன மாதம்தான் அதே ஊசியைத் தடுப்பூசியாகப் போட்டுப்போயிருப்பார்கள்.

நடக்கும் விதம் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். முதலில் ஒரு மயக்க ஊசி, தசையில். சில நிமிடங்களில் நாய் தளர்ந்து தலையைச் சாய்க்கும். பிறகு முன்னங்காலில் முடியைச் சிரைத்து, நரம்பைத் தேடி வென்ஃப்ளான் ஏற்ற வேண்டும். நாள்கணக்கில் தண்ணீர் குடிக்காத, சிறுநீரகம் கெட்டுப்போன கிழட்டு நாய்க்கு நரம்பு கிடைப்பது லேசில்லை. குத்தி, விட்டு, மறுபடி குத்தும்போது வளர்த்தவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நரம்பு கிடைத்த பிறகு மயக்க மருந்தையே மிகை அளவில் செலுத்துவார்கள். நினைவு போகும், மூச்சு நிற்கும், இதயம் நிற்கும். சில சமயம் எல்லாம் நின்ற பிறகும் உடம்பு ஒருமுறை காற்றை இழுக்கும். கண் மூடாது. சிறுநீர் போகும். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் 'உயிர் இருக்கு டாக்டர்' என்று அலறுவார்கள். அப்புறம் ஸ்டெதாஸ்கோப். ஒன்றும் கேட்காத ஒரு நெஞ்சை ஒரு நிமிடம் முழுதாகக் கேட்பாள். 'ஒரு நிமிஷம் எவ்ளோ நீளம்னு அப்பதான்டா தெரியும்.'

பிறகு பில். இதை யாரும் எழுதுவதில்லை. ஆனால் அவளுக்கு இதுதான் கூச்சம் தருகிற இடம். மருந்துக்குக் காசு ஆகிறது, உதவியாளுக்குச் சம்பளம் தர வேண்டும். அழுதுகொண்டே ஒருவர் ஃபோனை நீட்டி க்யூஆர் கோடைத் தேடுவார். ஸ்பீக்கர் பெட்டி 'ரூபாய் பெறப்பட்டது' என்று உரக்கச் சொல்லும். அந்தப் பெட்டியை அவள் இப்போது அணைத்தே வைத்திருக்கிறாள்.

ஊசி போடுவதுதான் அவளை உடைக்கிறது என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். கேட்டபோது இல்லை என்றாள். தண்டுவடம் முறிந்து, பின்பகுதி செயலிழந்து, படுக்கைப்புண்ணில் புழு வைத்த நாய்க்கு அந்த ஊசியைப் போடும்போது கை நடுங்குவதில்லையாம். 'அது நான் பண்ற வேலையிலேயே சுத்தமான வேலைடா. வலி இருந்துச்சு, இப்ப இல்ல.' உடைப்பது அதற்கு இரண்டு பக்கமும் நிற்பவைதான்.

ஒரு பக்கம், சீக்கிரம் வந்துவிடுகிறவர்கள். வேலை மாறி வெளிநாடு போகிறார்கள், நாயைக் கூட்டிப்போக முடியாது, 'வேற யார்ட்டயும் இது இருக்காது டாக்டர், ஏங்கியே செத்துடும், நீங்களே ஒண்ணு பண்ணிடுங்க.' நாய் மேசைமேல் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். இவள் மறுத்துவிடுவாள். மறுத்தால் பிரச்சினை முடிந்ததா? அந்த நாய் அடுத்த வாரம் ஈசிஆரில் எங்கேயாவது காரிலிருந்து இறக்கிவிடப்பட்டிருக்கலாம். இவளுக்குத் தெரியப்போவதில்லை. தெரியாமலே இருப்பதையும் சேர்த்துத்தான் அவள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். இன்னொரு வகை, காசு. அறுவை செய்தால் பிழைக்கும், ஆனால் அந்தத் தொகை அவர்களுடைய மூன்று மாதச் சம்பளம். பொய் சொல்லாத மனிதர்கள். தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள். அங்கே கொலைக்குக் காரணம் நோய் என்று எந்த நேர்மையான டாக்டரும் தனக்குள் எழுதிக்கொள்ள முடியாது.

மறுபக்கம், வரவே மாட்டேன் என்கிறவர்கள். நம் ஊரில் இவர்கள்தான் அதிகம் என்கிறாள். 'பாவம் டாக்டர், அது விதி முடியிறப்ப போகட்டும்.' புற்றுக்கட்டி உடைந்து, சாப்பிட முடியாமல், எழுந்து நிற்க முடியாமல் கிடக்கும். தினமும் வந்து டிரிப்ஸ் போட்டுப்போவார்கள். பாவம் யாருக்கு என்ற கேள்வியை இவள் வாய்விட்டுக் கேட்க முடியாது. தன் கையிலேயே முடிவு இருந்தும் செய்யாமல், சலைன் பாட்டிலை மாற்றிக்கொண்டு நிற்க வேண்டும். இந்த நாட்கள்தான் ஊசி போட்ட நாட்களைவிட மோசம் என்றாள். எனக்கு அது உடனே புரியவில்லை.

அமெரிக்கத் தத்துவவாதி பெர்னார்ட் ரோலின் இதைப் புரியவைத்தார். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவ மாணவர்களுக்கு அறவியல் சொல்லிக்கொடுத்தவர், 2021இல் இறந்தார். 1987இல் எழுதிய ஒரு கட்டுரையில், விலங்குகளைக் கொல்ல வேண்டியிருக்கும் கால்நடை மருத்துவர்களும் காப்பகப் பணியாளர்களும் படும் பாட்டை மற்ற வேலை அழுத்தங்களோடு சேர்க்க முடியாது என்றார். அதற்கு அவர் வைத்த பெயரை 'அற அழுத்தம்' என்று சொல்லலாம். நான் எதற்காக இந்த வேலைக்கு வந்தேன் என்பதற்கும், நான் இங்கே உண்மையில் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதற்கும் இடையிலுள்ள உரசல் அது. மூச்சுப்பயிற்சி, விடுமுறை, நடைப்பயிற்சி எல்லாம் மற்ற அழுத்தத்தைக் குறைக்கும். இதைத் தொடக்கூட முடியாது, ஏனென்றால் இது உடம்பின் களைப்பில்லை.

இப்போது உலகமெங்கும் 'கருணைக் களைப்பு' என்றொரு சொல் புழங்குகிறது. நர்ஸுகள், டாக்டர்கள், சமூகப் பணியாளர்கள் எல்லோருக்கும் ஒட்டப்படும் சீட்டு. எனக்கு அந்தச் சொல்லில் நம்பிக்கை இல்லை. கருணை என்னவோ பேட்டரி மாதிரி, அதிகம் இரக்கப்பட்டதால் தீர்ந்துபோனது மாதிரி அது பேசுகிறது. அக்காவுக்கு இரக்கம் தீரவில்லை. அவள் சரியென்று நினைப்பதைச் செய்ய விடாத ஒரு நாளும், தவறென்று நினைப்பதைச் செய்யச் சொல்லும் ஒரு நாளும் மாறி மாறி வருகின்றன. அதை 'நீ ரொம்ப சென்சிடிவ், கொஞ்சம் ரெஸ்ட் எடு' என்று அவளுடைய குணக்கோளாறாக மாற்றிவிடுவது மற்ற எல்லோருக்கும் வசதி.

இதன் கனம் எவ்வளவு என்பதற்குச் சில எண்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரை இறந்த கால்நடை மருத்துவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. பொதுமக்களோடு ஒப்பிட்டால் தற்கொலையால் இறப்பது ஆண் கால்நடை மருத்துவர்களில் 2.1 மடங்கும், பெண்களில் 3.5 மடங்கும் அதிகம். பிரிட்டனிலும் இதே திசையில்தான் எண்கள். இதையெல்லாம் கருணைக்கொலை என்ற ஒற்றைக் காரணத்தின் தலையில் கட்டுவது தவறு. நீண்ட வேலை நேரம், படிப்புக்கடன், தனியாக நடத்தும் கிளினிக், ஆன்லைனில் திட்டும் வாடிக்கையாளர்கள் என்று பல சேர்கின்றன. ஆனாலும் இந்தத் தொழிலில் ஏதோ ஒன்று கணக்கில் வராமல் போகிறது என்பதை மறுக்க முடியாது.

கணக்கில் வராமல் போகிறது என்றேன். எப்படிப் போகிறது என்பதற்கு நம் நாட்டிலேயே மிகப் பிரபலமான ஒரு கருணைக்கொலை உதாரணமாக இருக்கிறது.

1928. சபர்மதி ஆசிரமம். ஒரு கன்று ஊனப்பட்டு, நோயில் கிடக்கிறது. முடிந்த வைத்தியமெல்லாம் பார்த்தாயிற்று. புரண்டு படுக்கக்கூட முடியாத வலி. பார்த்த மருத்துவர் கையை விரித்துவிட்டார். கொன்றுவிடுவதுதான் அகிம்சை என்று காந்தி முடிவுக்கு வருகிறார். தனியாக எடுத்த முடிவில்லை, ஆசிரமத்தில் விவாதிக்கிறார். உயிரைக் கொடுக்க முடியாத நமக்கு எடுக்க என்ன உரிமை என்று ஒருவர் கேட்கிறார். கேட்டுக்கொள்கிறார், ஏற்கவில்லை. ஒரு மருத்துவரை வரவழைத்து விஷ ஊசி போடச் செய்கிறார். அருகிலேயே நிற்கிறார். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது.

பசுங்கன்று. குஜராத். சமணமும் வைணவமும் ஊறிய நகரத்தின் விளிம்பு. என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருடம் முன்புதான், 1926இல், வெறிநாய்த் தொல்லைக்காக அம்பாலால் சாராபாய் என்ற மில் முதலாளி அறுபது நாய்களைக் கொல்லச் செய்ததைக் காந்தி ஆதரித்து வாங்கிக்கட்டிக்கொண்டிருந்தார். இந்தமுறை அதைவிடப் பெரிய கொந்தளிப்பு. வசைக்கடிதங்கள் குவிகின்றன. காந்தி ஒளிக்கவில்லை. 'நவஜீவ'னிலும் 'யங் இந்தியா'விலும் நடந்ததைத் தானே எழுதுகிறார். அறுவை மருத்துவரின் கத்தி உடம்பை வெட்டினாலும் அது இம்சையில்லையே என்று வாதாடுகிறார். எந்த நிபந்தனைகள் நிறைவேறினால் மட்டும் இப்படி ஓர் உயிரை முடிக்கலாம் என்று பிறகு பட்டியலும் போடுகிறார்.

காந்தியோடு எனக்கு ஆயிரம் சண்டை உண்டு. இந்த இடத்தில் வணங்கத் தோன்றுகிறது. முடிவை விதிமீது போடவில்லை, மருத்துவர்மீது போடவில்லை, நான்தான் என்று நாட்டின் நடுவில் நின்று சொன்னார். கன்றின் வலிக்கும் தன் பெயருக்கும் நடுவில் யாரையும் நிறுத்திக்கொள்ளவில்லை.

ஆனால் ஊசி போட்டது யார்? நூறு வருடமாக இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் 'ஒரு மருத்துவர்' என்று தாண்டிப்போய்விடுகிறார்கள். அவர் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாரா? அவர் வீட்டில் இதைச் சொன்னாரா? காந்திக்கு வந்த கடிதங்களைப்போல அவர் வாசலுக்கும் யாராவது வந்து நின்றார்களா? காந்திக்கு வாதம் இருந்தது, பத்திரிகை இருந்தது, எதிரிகள் இருந்தார்கள். எதிரி இருப்பதுகூட ஒரு வசதிதான். எதிர்த்துப் பேசிப் பேசித் தன் செயலுக்கு ஒரு உருவம் கொடுத்துக்கொள்ளலாம். ஊசி போட்ட கைக்கு அந்த இரண்டு நிமிடம் மட்டும்தான் இருந்தது.

இதை நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் நமக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு கன்று ஞாபகம் வந்தது. திருவாரூர்க் கன்று. மனுநீதிச் சோழன் கதை தெரியாத தமிழ்ப்பிள்ளை இருக்க முடியாது. இளவரசன் தேரில் போகிறான், கன்று துள்ளிவந்து சக்கரத்தில் சிக்கிச் சாகிறது, தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடிக்கிறது, அரசன் தன் மகனைத் தேர்க்காலில் இட்டு நீதி செய்கிறான். பள்ளியில் படித்தோம், படம் வரைந்தோம், உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலையும் வைத்தோம்.

பெரியபுராணத்தில் இந்தக் கதையைப் படித்தால் நடுவில் ஒருவர் வருகிறார். அரசன் முதலில் தானே தேரை ஓட்டவில்லை. மந்திரி ஒருவரை அழைத்து, இளவரசனை வீதிக்குக் கொண்டுபோய்த் தேரை அவன்மேல் செலுத்தச் சொல்கிறான். ஆணை. அதுவும் நியாயமான ஆணை, அரசனுக்கு அதில் சந்தேகமே இல்லை. மந்திரியால் முடியவில்லை. ஆணையை மறுக்கவும் வழியில்லை. தன் உயிரையே விட்டுவிடுகிறார். அதற்குப் பிறகுதான் அரசன் தானே தேரேறுகிறான். கடைசியில் சிவபெருமான் தோன்றி கன்று, இளவரசன், மந்திரி மூவரையும் எழுப்புகிறார்.

நாம் கேட்டு வளர்ந்த கதைகளில் பசு உண்டு, மணி உண்டு, கன்று உண்டு, இளவரசன் உண்டு. மந்திரி எங்கே போனார்? எனக்குக் கதை சொன்ன எந்த டீச்சரும் அவரைச் சொல்லவில்லை. வேண்டுமென்று விட்டிருக்க மாட்டார்கள். நீதி என்பது முடிவெடுக்கிறவருக்கும் அந்த முடிவுக்கு ஆளாகிறவருக்கும் இடையில் நடக்கிற விஷயம் என்று நமக்குள் ஒரு படம் இருக்கிறது. நடுவில் நிற்கிற கை கதையின் வேகத்தைக் குறைக்கிறது, வெட்டிவிடுகிறோம். சேக்கிழார் வெட்டவில்லை. அதுமட்டுமில்லை, கடவுள் வந்து கணக்கை நேர் செய்யும்போது மந்திரியையும் அந்தக் கணக்கில் சேர்க்கிறார். மந்திரி செத்ததும் ஓர் இழப்புதான், அதுவும் திருப்பித் தரப்பட வேண்டும் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கவிஞருக்குத் தெரிந்திருக்கிறது.

கதையில் இளவரசனும் சும்மா வரவில்லை. அவன்மேல் தப்பில்லை, கன்றுதான் குறுக்கே வந்தது. ஆனாலும் அவன் துடித்துப்போகிறான். பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் கிட்டத்தட்ட இதே ஆளைக் கொண்டுவருகிறார். ஒரு லாரி ஓட்டுநர். அவர்மேல் ஒரு பிழையும் இல்லாமல் ஒரு குழந்தை லாரியில் அடிபட்டுவிடுகிறது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் வருத்தம்தான். ஓட்டுநருக்கு வருகிற வருத்தம் வேறு வகை, ஏனென்றால் நடந்தது அவர் வழியாக நடந்தது. 'உன்மேல தப்பில்லப்பா' என்று சுற்றியிருப்பவர்கள் தேற்ற வேண்டும். அதே சமயம் அவர் 'ஆமா, என்மேல தப்பில்ல' என்று உடனே கிளம்பிப்போய் டீ குடித்தால் அவர்மேல் நமக்கு ஒரு சந்தேகம் வரும். குற்றமில்லாத இடத்திலும் செய்தவருக்கென்று ஒரு பாக்கி இருக்கிறது என்பதுதான் விஷயம்.

கால்நடை மருத்துவரின் பாக்கி இதிலிருந்தும் ஒரு படி வேறு. அவர் தெரிந்தே செய்கிறார். சரியென்று நம்பிச் செய்கிறார். அதனால் 'உங்கள்மேல் தப்பில்லை' என்ற ஆறுதல்கூட அவரிடம் போய்ச் சேராது. தப்பென்று அவர் நினைக்கவே இல்லையே. 'நீங்க நல்லதுதான் பண்ணீங்க' என்றால் அதுவும் அவருக்குத் தெரிந்ததுதான். சரியான காரியத்தைச் செய்த பிறகும் மிஞ்சுகிற ஒன்றுக்கு நம்மிடம் சடங்கும் இல்லை, சொல்லும் இல்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. வேலை என்றால் அப்படித்தான், எல்லோருக்கும் ஏதாவது இருக்கும், சம்பளம் வாங்கவில்லையா என்று கேட்கலாம். என் அப்பா அப்படித்தான் கேட்டார். கசாப்புக்கடைக்காரர் தினமும் எத்தனை ஆடு வெட்டுகிறார், அவர் என்ன மனநல மருத்துவரிடமா போகிறார் என்றார். கசாப்புக்கடைக்காரருக்கு என்ன இருக்கிறது என்று நாம் என்றைக்கும் கேட்டதில்லை என்பது ஒருபக்கம். இன்னொன்று, அவரிடம் யாரும் அந்த ஆட்டின் பெயரைச் சொல்லி, அதற்குப் பிடித்த பிஸ்கட்டைச் சொல்லி, போன வருடம் அவரே அதைப் பிழைக்க வைத்ததை நினைவுபடுத்தி, அப்புறம் வெட்டச் சொல்வதில்லை. அக்கா கொல்கிற நாய்களில் பாதி அவள் குட்டியில் முதல் ஊசி போட்ட நாய்கள். கிளினிக் வாசலில் வாலை ஆட்டுபவை.

மனிதர்கள் விஷயத்தில் நாம் இவ்வளவு தனியாக யாரையும் விடுவதில்லை. உயிர்காக்கும் கருவிகளை விலக்க 2018இல் உச்ச நீதிமன்றம் வழி செய்தது. நடைமுறை கடினமாக இருக்கிறது என்று 2023இல் எளிதாக்கினார்கள். எளிதாக்கிய பிறகும் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஊசி போட்டு முடிப்பதற்கோ அனுமதியே கிடையாது. என் தொழிலில்கூட, புரொடக்‌ஷன் டேட்டாபேஸில் ஒரு டேபிளை அழிப்பதென்றால் நான் ஒருவன் மட்டும் பட்டனை அழுத்த முடியாது. இன்னொருவர் அப்ரூவ் செய்ய வேண்டும். ராத்திரி சர்வர் விழுந்தால் மறுநாள் கூட்டம் போட்டு, யார்மேலும் பழி போடாமல், என்ன நடந்தது என்று மட்டும் பேசுகிறோம். யாரோ வாங்கிய செருப்பு டெலிவரி ஆகாததற்கு இவ்வளவு ஏற்பாடு. புறநகர் கிளினிக்கில் ஒரு டாக்டர், ஒரு உதவியாள், ஒரு கையெழுத்துத் தாள். அடுத்த டோக்கன் வெளியே குரைத்துக்கொண்டிருக்கும்.

எல்லாவற்றையும்விட அவளுக்குப் பாரமானது ஒரு கேள்வி. 'உங்க நாயா இருந்தா என்ன பண்ணுவீங்க டாக்டர்?' கிட்டத்தட்ட எல்லோரும் கேட்பார்கள். நான் இதைப் பற்றி அவளிடம் கொஞ்சம் கோபமாகவே பேசினேன். அது நியாயமில்லாத கேள்வி, அரசன் மந்திரியிடம் தேரைக் கொடுப்பது மாதிரிதான், பதில் சொல்லாதே, மருத்துவ விவரத்தை மட்டும் சொல்லிவிட்டு முடிவு உங்களுடையது என்று நிறுத்திக்கொள் என்றேன். சிரித்தாள்.

'நீ சொல்றது சரிடா, ஆனா முடியாது. அவங்க முகத்தப் பாத்துட்டு, உங்க முடிவுங்கன்னு சொல்லிட்டு நான் கம்ப்யூட்டரப் பாத்துட்டு இருந்தா, அப்புறம் நான் எதுக்கு? நெட்லயே பாத்துக்கலாமே. என் நாயா இருந்தா பண்ணிடுவேன்னா, பண்ணிடுவேன்னு சொல்லிடுவேன்.'

'அப்ப பாதி பாரம் உன்மேலதான வரும்?'

'பாதி வந்தா பரவால்ல. முழுசும் வர்றதுதான் பிரச்சினை.'

இந்தக் கணக்கை நான் வெகுநேரம் யோசித்தேன். அவள் கேட்பது விலக்கு இல்லை. தேரைத் தான் ஓட்டத் தயார் என்கிறாள். அரசன் பக்கத்தில் உட்கார வேண்டும் என்கிறாள். அறைக்கு வெளியே போய் நின்றுகொள்கிறவர்கள்மேல் அவளுக்குக் கோபமில்லை, எல்லோராலும் பார்க்க முடியாது. கோபமெல்லாம், பிறகு வந்து 'டாக்டர்தான் சொன்னாங்க, அதான் பண்ணோம்' என்று பிள்ளைகளிடம் சொல்கிறவர்கள்மேல். அந்தப் பிள்ளைகள் இவளை ஒரு பார்வை பார்ப்பார்கள். ஒரு வீட்டின் மொத்தத் துக்கத்துக்கும் முகவரி எழுதி இவள் வாசலில் வைத்துவிட்டுப் போவதுபோல.

ஒருமுறை அவளே எனக்கு அந்தக் கையெழுத்துத் தாளைக் காட்டினாள். முன்பு அச்சடித்த படிவம் வைத்திருந்தாள். 'முழுச் சம்மதத்துடன்' என்றெல்லாம் இருக்கும், கீழே கையெழுத்து மட்டும். இரண்டு வருடமாக வெள்ளைத்தாள்தான் கொடுக்கிறாள். உங்கள் வார்த்தையில் எழுதுங்கள் என்று சொல்லிவிடுவாள். சிலருக்கு எரிச்சல், இந்த நேரத்தில் கட்டுரை எழுதச் சொல்கிறீர்களா என்று. பெரும்பாலானவர்கள் எழுதுகிறார்கள். ஒரே வரி எழுதியவர்கள் உண்டு, பக்கம் நிரப்பியவர்கள் உண்டு. எழுதி முடிக்கும்போது அநேகமாக 'நான்' என்ற எழுவாய் அதில் எங்கேயாவது வந்துவிடுகிறது. அதுபோதும் என்கிறாள். சட்டப்படி இது செல்லுமா என்று கேட்டேன். நாய் பெயர், தேதி, நோய், கையெழுத்து எல்லாம் இருக்கே, அப்புறமென்ன என்றாள்.

அந்தக் கோப்பில் ஓய்வுபெற்ற ஒரு ரயில்வே ஊழியர் எழுதிய தாள் இருந்தது. பதினைந்து வயது நாட்டு நாய். அழகான, சாய்ந்த கையெழுத்து. நாயின் பெயர், அதற்கு வந்த நோய், எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்பது. நானும் என் மனைவியும் சேர்ந்து எடுத்த முடிவு, டாக்டரம்மா எங்களுக்காக இதைச் செய்து தருகிறார் என்று முடித்திருந்தார். கையெழுத்தைப் போட்டுவிட்டு, மனைவியும் போட்டபின், தாளை நீட்டும்போது மணி மூன்றாகியிருக்கிறது. 'நீங்க சாப்ட்டீங்களாம்மா?' என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றாளாம். 'அப்ப நாங்க வெளியில இருக்கோம். சாப்ட்டுட்டு வாங்க, மெதுவா பண்ணலாம்' என்று நாயைத் தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

'சாப்ட்டியா?' என்று கேட்டேன்.

'ரெண்டு வாய். அவங்க உக்காந்திருந்தாங்கல்ல, அதுக்காக.'